கமெண்டில் ஒரு குடைச்சல்

"மறுபடியும் வந்துட்டாருங்க, உங்க சூப்பர்வைசர்!"

மனைவி செல்போனை நீட்டினாள். லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கையில் இருந்த சாப்பாடு கசந்தது.

கம்பெனியை இழுத்து மூடி மூன்று மாதம். சூப்பர்வைசர் உட்பட அத்தனை பேரும் வீட்டில். இவன் மட்டும் ஆன்லைனில் பெயர் வாங்கியே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தான். தொழில்காரர்கள் கூடும் இணையதளத்தில், தான் சரிசெய்த பழுது ஒன்றைத் தினமும் எழுதினான். ப்ரொஃபைல் போட்டோ ஏதோ கல்யாணத்தில் எடுத்ததை வெட்டிப் போட்டது. தோளில் யார் கையோ இருந்தது, போகட்டும்.

எழுதிய பத்தாவது நிமிடம் சூப்பர்வைசர் கமெண்டில் ஆஜராகிவிடுவார். ஒரு லைக் கிடையாது, ஒரு சபாஷ் கிடையாது. கேள்விதான்.

'சென்சாரைத் துடைச்சதும் கதவு சரியா மூடிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஒரே வாரத்துல மறுபடி மூடலைன்னா? அப்பவும் துணியை எடுத்துட்டுக் கிளம்புவீங்களா?'

"நாலு பேர் பார்க்கிற இடத்துல மானத்தை வாங்கறாரே! வேலை போயும் அதிகாரம் போகலை பாருங்க. பிளாக் பண்ணித் தொலைங்க."

"பண்ணினா, பதில் தெரியாம ஓடிட்டான்னு நினைப்பாரு. விடமாட்டேன்."

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். தடத்தில் சிக்கும் மண், தேய்ந்த உருளை, தளர்ந்த பெல்ட். எதை முதலில் பார்ப்பது, ஏன் என்று ஒன்று விடாமல் எழுதினான்.

மறுநாள் அடுத்த குடைச்சல்.

'ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னுச்சு, சரி. உள்ளே மாட்டினவங்ககிட்ட என்ன சொன்னீங்க? அதை எழுதலையே?'

அதற்கும் எழுதினான். பதிவு நாலு வரி, பதில் நாற்பது வரி. கோபம் ஏற ஏறப் பதில் நீண்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெரிய லிஃப்ட் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. சர்வீஸ் பிரிவுக்குத் தலைமை வேலை. நேரில் போனால், அங்கிருந்த மேனேஜரம்மாவின் மேஜையில் இவன் எழுதியதெல்லாம் கட்டாகக் கிடந்தது.

"உங்க பதிவெல்லாம் சுமார்தான். ஆனா கமெண்ட்ல கொடுத்த பதில் ஒவ்வொண்ணும் பிரமாதம். வேலை உங்களுக்குத்தான்."

அவனுக்கு உடனே ரோஷம் வந்துவிட்டது.

"எல்லாம் ஒரு ஆள் மேல இருந்த ஆத்திரத்துல எழுதினது மேடம். என்னைக் கவிழ்க்கணும்னே தினம் கேள்வி கேட்டார். நாளைக்கே இந்த ஆர்டரை அங்கே போட்டு அவர் மூக்கை உடைக்கிறேன்."

மேனேஜரம்மா காகிதக் கட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மூணு மாசம் முன்னாடி இந்த வேலைக்கு முதல்ல அவரைத்தான் கூப்பிட்டோம். 'எனக்கு வேண்டாம், என் மெக்கானிக்கை எடுத்துக்குங்க. அவனா எழுதினா தன்னைப் பத்தி நாலு வரிக்கு மேல சொல்லிக்கமாட்டான். நான் குடைஞ்சு குடைஞ்சு கேட்கறேன், அவன் சொல்ற பதிலை மட்டும் படிங்க'ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டார்."