பதினான்காவது கடிதம்

“இப்படி ஒரு பொம்பளை நம்ம நாட்டுலயே கிடையாதும்மா! டாக்டர் நல்லா கதை விட்டிருக்கார்.”

பேராசிரியர் லிண்ட்னர் கையெழுத்துப் பிரதியைத் தன் வீட்டு மேஜைமேல் தொப்பென்று போட்டார். ரெனாட்டேவுக்குச் சுருக்கென்றது. லைப்சிக் பதிப்பகத்தில், கடிதங்களும் பதில்களுமாக ஒரு டாக்டர் எழுதிய, பெரியவர்களுக்கான அந்தத் தாம்பத்தியக் கையேட்டை அச்சுக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. இரண்டு நிபுணர்கள் கையெழுத்திட்டால்தான் பெர்லின் அமைச்சகம் அனுமதி தரும். அனுமதி வந்தால்தான் அச்சடிக்க அரசு காகிதம் ஒதுக்கும். முதல் நிபுணரின் கையெழுத்துக்கே ஒரு வருஷம் ஓடிவிட்டது. இரண்டாவது இந்த மனிதர்.

“எந்தப் பொம்பளையைச் சொல்றீங்க, புரொஃபசர்?” தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

“பதினாலாவது லெட்டர். ‘கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். உனக்குப் பிடிச்சிருக்கான்னு அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.’ பேரு இல்லை, ஊரு இல்லை! இருபத்திரண்டு வருஷம் ஒருத்தி வாயை மூடிக்கிட்டா இருப்பா? அதைத் தூக்கிடுங்க, கையெழுத்துப் போடறேன்.”

“அதைத் தூக்கினா புத்தகமே வேண்டாங்கறார் டாக்டர். அவரோட ஆலோசனை மையத்துக்கு நிஜமாவே தபால்ல வந்த லெட்டர் அது.”

“அப்ப அந்த அம்மாவோட புருஷன் சரியான மரக்கட்டையா இருக்கணும்!” சொல்லிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். ரெனாட்டேவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் மனைவி ஹெட்விக் காபியும் பிளம்ஸ் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். கணவரின் கோப்பையில் கேட்காமலே இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினாள்.

“பேச்சு அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. ஏங்க, அப்படி ஒருத்தியே இல்லைங்கறீங்க. இல்லாதவளோட எதுக்கு மல்லுக்கட்டறீங்க? போட்டுத்தான் விடுங்களேன். இந்தப் பொண்ணு டிராம் மாறி டிராம் மாறி மூணாவது தடவையா வர்றா.”

“அதுவும் சரிதான்.” கேக்கை மென்றுகொண்டே பேனாவைத் திறந்தார் லிண்ட்னர். போட்டே விட்டார் கையெழுத்து.

ரெனாட்டேவுக்கு அந்த அம்மாளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வழியனுப்ப வாசல்வரை வந்த ஹெட்விக், உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“அச்சுக்குப் போறதுக்குள்ள ஒரே ஒரு திருத்தம் பண்ண முடியுமாம்மா?”

“தாராளமா. எதுலம்மா?”

“பதினாலாவது லெட்டர்லதான். உங்க அனுமதிக்காகக் காத்திருந்ததுல, இருபத்திமூணு ஆயிடுச்சு.”