எடுத்துவைத்த சிவப்பு விமானம்

கணவன் பெயரை ஃபர்சானா சொன்னதும் கடைக்காரர் கண்ணையா உள்ளே போய்ச் சிவப்பு விமானத்தின் பெட்டியை எடுத்துவந்து கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

"பாய்க்குன்னே எடுத்து வெச்சதுங்க. ஆறு மாசமா ஆளையே காணோம்."

காரில் இருக்கிறார் என்றாள் ஃபர்சானா.

சிங்காநல்லூரில் ரிமோட் விமானங்கள் விற்கிற சின்னக் கடை அது. லேத் பட்டறைக்கு லீவு விட்டால் அவள் கணவன் ரைஹான் நேராக இங்கேதான் வருவான். அவள் வருவது இதுதான் முதல் தடவை.

பழகுவதற்கென்று வாங்கிய முதல் விமானத்தை அவன் இரண்டு வருடம் மதுக்கரைப் பக்கம் ஒரு பொட்டல் காட்டில் ஓட்டினான். அடுத்தது சிவப்புதான் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கண்ணையா விளக்கத் தொடங்கினார். பழகுகிற விமானத்துக்கு இறக்கை மேலே இருக்கும்; காற்று சாய்த்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். இதற்கு இறக்கை கீழே. தலைகீழாகக்கூடப் பறக்கும். ஆனால் ஓட்டுகிறவர் கை ஒரு நொடி ஓயக்கூடாது. பாய் கைக்கு அந்தப் பக்குவம் வந்துவிட்டது என்றார்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக யார் எதை விளக்கினாலும் இப்படித்தான் கேட்கிறாள்.

பிறகு பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். பழகுகிறவர்கள் ஓட்டுவதுதான் வேண்டும், பழையது மாதிரியே, என்றாள்.

பழையது என்ன ஆயிற்று என்று கண்ணையா கேட்டார்.

பக்கத்துச் சோளக்காட்டில் விழுந்துவிட்டது. அது பறந்துகொண்டிருந்தபோதே ரைஹானும் விழுந்தான். பக்கவாதம். அங்கிருந்த எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விமானத்தை யாரும் தேடப் போகவில்லை. வலது கை இன்னும் எழவில்லை.

யாருக்கோ வழி சொல்வதுபோல் சொன்னாள்.

கண்ணையா வாசலில் நின்ற காரைப் பார்த்தார். முன் சீட்டில் ரைஹான் கடையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஒரு கையை வைத்துக்கொண்டு எதையுமே ஓட்ட முடியாதே என்றார், அவளைப் பார்க்காமல்.

ஃபர்சானா மேஜையிலிருந்த ரிமோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். கைக்கொன்றாக இரண்டு குச்சிகள். வலது குச்சியில் கட்டைவிரலை வைத்தாள்.

"இடது பக்கம் அவரு பாத்துக்குவாருங்க. வலது பக்கம் நானு. எனக்குத்தான் இன்னும் பழகலீங்க."