ஹார்ட் டிஸ்க் மேசைமேல் இருந்தது

என்னைச் சுண்டெலி என்று கூப்பிட்ட ஒரே மனிதர் என் கணவர். அவர் இறந்து மூன்று மாதம். மகள் படிக்கட்டும் என்று அவருடைய கம்ப்யூட்டரை முழுக்க அழித்துப் பென்டிரைவிலிருந்து புதிய ஓ.எஸ். போட்டேன். அப்புறம் அது கிளம்பவே இல்லை.

"பென்டிரைவப் பிடுங்கினீங்களா?" என்றார் வீட்டுக்கு வந்த மெக்கானிக்.

"அதெல்லாம் ஆச்சு."

மூடியைக் கழற்றும்போது தகரம் என் விரலைக் கிழித்தது. சத்தம் காட்டாமல் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டேன். மெக்கானிக் ஹார்ட் டிஸ்கை உருவி மேசைமேல் வைத்தார்.

"இப்ப ஆன் பண்ணுங்க. டிஸ்க் இல்லன்னு சொல்லும். அதுக்கு மேல எதுவும் வராது."

திரை பாஸ்வேர்டு கேட்டது.

எதுவும் அடிக்காமலே என்டரைத் தட்டினேன். தவறு என்றது. கீழே பாஸ்வேர்டுக்கான குறிப்பு வந்தது. மெக்கானிக் வாசித்தார்.

"முதல்ல விரலக் கழுவு, சுண்டெலி."

டிஸ்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரும்மா சுண்டெலி?"