இன்னொரு பட்டை

"இன்னொரு பட்டை போட்டுடுங்கண்ணா" என்றான் தன்யகுமார்.

மெக்கானிக் வேடியப்பன் ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். திண்டிவனம் ரோட்டில் இருக்கும் அவருடைய பட்டறைக்கு இந்த வண்டி வருவது மூன்று மாதத்தில் இது நாலாவது தடவை. முதலில் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்து வண்டியை இரண்டு அங்குலம் தூக்கச் சொன்னான். அப்புறம் இன்னொரு பட்டை. அதற்கும் அப்புறம் நாலு சக்கரத்துக்கும் பெரிய டயர்.

ஜீப் அவன் அப்பா சந்திரப்பிரபு நயினாருடையது. கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர். எழுபத்திரண்டில் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த வண்டி. எட்டு வருஷமாக ஸ்டியரிங்கை யாரிடமும் கொடுத்ததில்லை. லைசென்ஸ் வாங்கிய மகனும் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து வருவான். பட்டறைக்கும் அவரே ஓட்டிவந்து, வேலையைப் பார்த்துக்கொள்ள மகனை விட்டுவிட்டு மண்டிக்குப் போய்விடுவார்.

நிலத்துக்குப் போகிற வழியில் கல்லெல்லாம் வண்டியின் அடியில் இடிக்கிறது என்பது தன்யகுமார் சொன்ன காரணம். வேடியப்பன் அடியில் படுத்துப் பார்த்தவர். ஒரு கீறல்கூட இல்லை. அடிபட்டிருந்தது இடது பக்க மட்கார்டு மட்டும்தான். மாடு வந்து முட்டிவிட்டதாக நயினார் சொல்ல, போன மாதம் டயர் மாற்றும்போது அதை வேடியப்பன்தான் தட்டி நிமிர்த்திக் கொடுத்திருந்தார்.

பெட்ரோல் விஷயத்தை வேடியப்பன் மறுபடியும் எடுத்துச் சொன்னார். வண்டி உயர உயரக் காற்று அடியில் புகுந்து பிடித்து இழுக்கும். பெரிய டயரைச் சுற்ற இன்ஜின் முக்கும். மூணாவது கியரில் ஏறின மேட்டுக்கு இனி ரெண்டாவது போடணும். லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்த வண்டி ஏழுக்கு இறங்கி, இப்போது ஆறில் நிற்கிறது.

"இதுக்கு மேல தூக்கினா அஞ்சுதான் தம்பி."

"கம்மியானா ஆவட்டும்ண்ணா."

மகனுக்கு ஆகட்டும். நயினாருக்கு ஆகவில்லை. வேடியப்பன் கார்புரேட்டரைக் கெடுத்துவிட்டான், பெட்ரோலையும் உறிஞ்சுகிறான் என்று ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். வழக்கமாக வருகிற இரண்டு டிராக்டர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டன. இதுதான் கடைசி, இனி இந்த வண்டியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு வேடியப்பன் பட்டையைப் போட்டார்.

மறுநாள் காலை அப்பாவும் மகனும் வண்டி எடுக்க வந்தார்கள். நயினார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். ஸ்பிரிங்கை விரலால் தடவித் தடவி எண்ணினார்.

"ஏழு இருந்துச்சு. இப்ப பத்து" என்றார். அதற்குப் பிறகு வேடியப்பனைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பேசி முடித்துவிட்டு வண்டியில் ஏறப் போனார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார். கால் எட்டவில்லை. இடது காலைத் தூக்கினார். மூன்றாவது தடவை பாதி ஏறி, வேட்டி சிக்கி, இறங்கிவிட்டார். கை கொடுக்கப் போன வேடியப்பனைத் தள்ளிவிட்டார். தன்யகுமார் மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

நயினார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பானெட்டின் மேல் கையை வைத்தபடி நின்றார். பிறகு சாவியை மகன் கையில் போட்டார்.

"இது வண்டியா, தேரா? நீயே ஓட்டிக்க. இனிமே எனக்கு பஸ்ஸே போதும்."

வாசலில் போன சைக்கிள் ரிக்‌ஷாவைக் கைதட்டி நிறுத்தி, ஏறிப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

வேடியப்பனுக்கு ஆத்திரத்தை அடக்க முடியவில்லை. பெற்றவரே ஏற முடியாத வண்டி என்ன வண்டி என்று கேட்டார். அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்றி யார் ஓட்டப் போகிறார்கள், இருபது வருஷமாகத் தான் எடுத்த பேரும் போயிற்றே என்றார். "அப்படி என்ன தம்பி ஒசரத்துல ஆசை ஒனக்கு?"

ரிக்‌ஷா திரும்பி மறைகிற வரைக்கும் தன்யகுமார் பார்த்துக்கொண்டிருந்தான். சாவியை அப்படியே இறுக்கிப் பிடித்திருந்தான்.

"ஓட்டாதீங்கன்னு அவர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலண்ணா" என்றான். "அப்பாவுக்குக் கண்ணு தெரியல."