மலைப்புலியைக் காணோம்

"அந்த விளையாட்டுப் பெட்டியில அப்படி என்னதான் இருக்கு?" என்று ஏலக்காய் வியாபாரி கலீபுல்லா ஒருநாள் மகள் நுஸ்ரத்திடம் கேட்டார். கூச்சத்தில் அவள் பெட்டியை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். "ஆத்துல வீசிருவேன்" என்று அதட்டிவிட்டுப் போனார்.

இப்போது அதே வீடியோ கேம் பெட்டியைத்தான் அவள் பிரித்து வைத்திருந்தாள். போன வாரம் மலையில் இடி இடித்தபோது அண்ணன் ஆரிப் கரண்டு ஒயரைப் பிடுங்கினான். நெட் ஒயரை மறந்துவிட்டான். அதன் வழியே இறங்கிய மின்னல், ஒயர் செருகும் இடத்தைக் கருக்கிவிட்டது. ஏற்கெனவே உள்ளே மாற்றியமைத்த பெட்டி என்பதால் கம்பெனியில் பழுதுபார்க்க மாட்டார்கள்.

"வெரசா புள்ள! சாயங்காலம் மலைப்புலிகூட ஃபைனல்!" என்று ஆரிப் அவசரப்படுத்தினான்.

மலைப்புலி யாரென்று யாருக்கும் தெரியாது. ஆன்லைனில் அவனை ஜெயித்தவரும் இல்லை.

பழைய மோடத்திலிருந்து கழற்றிய பாகத்தை நுஸ்ரத் பற்றவைத்தாள். பச்சை விளக்கு மினுக்கியது.

"எரியுதுண்ணே!"

ஆரிப் துள்ளிக் குதித்தான். "ஆனா போன்ல பாத்தேன், மலைப்புலி இடி விழுந்த அன்னைலருந்து ஆளையே காணோம். தொடைநடுங்கிப் பய!"

வாசலில் செருமல் கேட்டது.

"அத்தா! மூடு, மூடு!"

மூட நேரமில்லை. உள்ளே வந்த கலீபுல்லா பச்சை விளக்கையே பார்த்தார். பிறகு கையிலிருந்த சாக்கைப் பிரித்து, இன்னொரு விளையாட்டுப் பெட்டியை எடுத்து மகள் முன்னால் வைத்தார். அதிலும் நெட் ஒயர் செருகும் இடம் கருகியிருந்தது. மேலே, ஏலக்காய் மூட்டைக்குக் குறிபோடும் மையால் 'மலைப்புலி' என்று எழுதியிருந்தது.

அவர் படியிறங்கிப் போனார்.