பிளாஸ்திரியில் பாக்கி

தன் இடது கையில் ஊசி குத்த ரிஸ்வானா சொன்ன விலை பத்து அலறல். ஏழு வயதுக்காரி, வெங்காய மண்டிக்காரர் மகள், கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டுதான் விலையே சொன்னாள். நேற்று நாலு பேர் அமுக்கிப் பிடித்தும் இரண்டு ஊசி வீணாகியிருந்தது. இன்று மருந்து ஏறியே ஆகவேண்டும். இன்றும் பிடிக்க வந்தவர்களைச் சலேத்து சிஸ்டர் வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் தன் ஊசிக்கு அவள் ஆள் வைத்துப் பிடித்ததில்லை.

“பத்தா? கட்டுப்படியாகாதும்மா. ரெண்டு தர்றேன், அலறிக்கோ.”

“எட்டு. நேத்தே எனக்குப் பெரிய நஷ்டம்.”

“அது வேற கடை. இங்க நீ சொன்னாத்தான் குத்துவேன்.”

“வலிக்குமா?”

“வலிக்கும். எறும்புக்கடின்னு பொய் சொல்லி விக்கிறவ இல்ல நான்.”

குழந்தை அவள் முகத்தை நிறுத்துப் பார்ப்பதுபோல் பார்த்தது.

“மூணு. இதுக்குக் கீழ இறங்கமாட்டேன்.”

“சரி, முடிச்சுக்கலாம்.”

கை தானாக முன்னால் வந்தது. சலேத்து நரம்பைத் தடவிக் கண்டுபிடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

“இப்ப!” என்றாள் ரிஸ்வானா.

ஒரே குத்து, ஒரே அலறல். மருந்து சொட்டத் தொடங்கியது.

“என்கிட்டகூட இவ இவ்வளவு கறாராப் பேசினதில்ல சிஸ்டர்,” என்று பக்கத்தில் நின்ற அவள் அத்தா, மண்டிக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சலேத்து ஊசியின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, வழக்கம்போல அதில் தேதியும் நேரமும் எழுதினாள். பேனாவை மூடப்போனவளை ரிஸ்வானா விடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, சிஸ்டர் கணக்கையும் எழுதி முடிக்கும்வரை கையை ஆட்டாமல் நீட்டியிருந்தாள்.

“அலறல் பாக்கி: 2.”