தும்மிய பிணம்

"கட்! கட்! யோவ், பிணம் தும்முதுய்யா!"

இயக்குநர் போட்ட சத்தத்தில் ஹாலில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். இணை இயக்குநருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான்.

வாடகைக்கு எடுத்த வீடு. இருட்டுவதற்குள் காலி செய்து கொடுத்தாக வேண்டும். வீட்டுக்காரர் வேறு வாசலில் நின்று சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே இருந்தார். பாக்கி இருப்பது ஒரே ஒரு ஷாட். கட்டிலில் அப்பா செத்துக் கிடக்கிறார், மகள் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். இதற்குப் போய் இந்தப் பாடு!

அப்பாவாகப் படுத்திருந்த பெரியவர் சாவதில் கைதேர்ந்தவர். சித்தப்பா, நீதிபதி, வில்லனின் கணக்கப்பிள்ளை என்று எந்த வேஷம் கொடுத்தாலும் இடைவேளைக்குள் அவரைத் தீர்த்துக்கட்டிவிடுவார்கள். செத்துச் செத்தே பிழைத்தவர் என்று யூனிட்டில் கேலி பேசுவார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார். 'ஒரே டேக் ஐயா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

அதை நம்பித்தான் இணை இயக்குநர் அடுத்த படத்துக்கும் அவரைச் சிபாரிசு செய்திருந்தான். படம் முழுக்க வருகிற தாத்தா வேஷம். விஷயத்தைக் கேட்டதும் பெரியவர் இவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி சீன் வரைக்கும் உசுரோட இருக்கேனா தம்பி? நிஜமாவா?"

"இன்னைக்கு எப்படிப் பண்றார்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்று இயக்குநர் சொல்லியிருந்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஸ்டார்ட்... ஆக்‌ஷன்!"

மகளாக நடிக்கும் பெண் கட்டிலருகே மண்டியிட்டாள். போன மாதம் அவள் வீட்டில் ஒரு துக்கம். ஷூட்டிங் தள்ளிப்போய், திட்டெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் இவன்தான். இன்றைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. உதடு துடிக்கிறது, கை நடுங்குகிறது. என்னமாய் நடிக்கிறாள்!

"அப்பா... எந்திரிங்கப்பா..."

பிணம் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது.

"கட்!"

அடுத்த டேக்கில் லொக்கு லொக்கென்று ஒரே இருமல். எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க. வயசாயிடுச்சு பாருங்க. தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன். நீயும் வாம்மா, கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரலாம்."

செய்வதையும் செய்துவிட்டு, கூட ஒரு ஆளையும் இழுத்துக்கொண்டு போகிறார்! ஜன்னலில் வெளிச்சம் இறங்கிக்கொண்டே இருந்தது. இணை இயக்குநர் பின்னாலேயே ஓடினான்.

"ஐயா, சும்மா படுத்துக் கிடக்கறதுக்குக்கூடவா ஒத்திகை வேணும்? உங்களைச் சொன்னதுக்கு என் மானம் போகுது!"

"கோச்சுக்காதீங்க தம்பி. இந்தத் தடவை வந்துடும்" என்றவர், அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். "வந்துடும்ல?"

வந்தது. இம்முறை பெரியவர் கட்டை மாதிரி கிடந்தார். அந்தப் பெண் அழுத அழுகையில் லைட் பிடித்தவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஓகே!" என்றதும் வீட்டுக்காரர்தான் முதலில் கைதட்டினார்.

இயக்குநர் இவனைத் தனியே கூப்பிட்டார்.

"பொண்ணு பிரமாதம். தாத்தா வேஷத்துக்கு வேற ஆளைப் பாரு. நீதானே கூட்டிட்டு வந்தே? நீயே சொல்லிடு."

பெரியவர் முகத்திலிருந்த பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவன் வளவளவென்று இழுக்காமல் பட்டென்று சொல்லிவிட்டான். கோபமும் கொஞ்சம் இருந்தது.

அவர் கையிலிருந்த துண்டை மடித்தார். பிரித்து, மறுபடியும் மடித்தார்.

"சரிதான் தம்பி. படுக்கவே தெரியாதவனுக்கு ஓடியாடற வேஷம் யார் குடுப்பாங்க?" என்று சிரித்தார். பிறகு, "அந்தப் பொண்ணை மட்டும் தனியா வண்டி ஏத்திவிடாதீங்க. கூட யாரையாவது அனுப்புங்க" என்றார்.

போகிறபோக்கில் அதிகாரம் வேறு! முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தவனை சவுண்ட் இன்ஜினியர் பெண் வழிமறித்தாள்.

"சார், ஒரு நிமிஷம் இதைக் கேளுங்க."

"வீட்டைக் காலி பண்ணணும்மா, அப்புறம் பார்க்கலாம்."

"கேட்டுட்டுப் போங்க சார். அந்தப் பொண்ணோட காலர் மைக். முதல் டேக்குக்கு முன்னாடி பதிவானது."

வேண்டாவெறுப்பாக ஹெட்போனை மாட்டினான். முதலில் அந்தப் பெண்ணின் விசும்பல் கேட்டது.

"என்னால முடியாதுங்கய்யா. எங்கப்பாவையும் இப்படித்தான் படுக்க வெச்சிருந்தாங்க. எந்திரிங்கப்பா, எந்திரிங்கப்பான்னு கத்திப் பார்த்தேன். அவர் எந்திரிக்கவே இல்லைங்கய்யா..."

அப்புறம் பெரியவரின் குரல், மெல்ல:

"அழாதம்மா. என் கையைப் பிடிச்சுக்கோ. தாங்க முடியலைன்னா விரலை ஒரு அழுத்து அழுத்து. நான் எந்திரிச்சுடறேன்."